மாதக் கடைசிப் பக்கம்: படித்தவை, பார்த்தவை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மாதமும் முடியும்போது, அந்த மாதத்தில் ரசித்த புத்தகம், தொடர், படம் பற்றி ஒரு பக்கம் எழுதிவைப்பது எனக்குப் பதினோரு ஆண்டுப் பழக்கம். முதலில் எனக்காக மட்டும் எழுதினேன். பிறகு ஒரு நண்பர் கேட்டு வாங்கிப் படித்தார், அவர் சொல்லி இன்னொருவர். இப்போது ஏழெட்டுப் பேருக்குப் பிரதி போகிறது. அவர்களில் சிலர் தாங்களும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கியவர்கள் எல்லோருக்கும் இரண்டாம் மாதத்தில் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன். நான் ரசித்த நாவல்கள், படங்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அதன்மேல் போய்விடும். அதற்குத்தான் மாதப் பக்கம் இருக்கிறது.

இது விமர்சனம்தானே? ஏன் வேறு பெயர்?

விமர்சனம் அல்ல. விமர்சகருக்குக் கடமைகள் உண்டு. ஒரு படைப்பை அதன் மரபில் வைத்துப் பார்க்க வேண்டும், அதே ஆசிரியரின் முந்தைய நூல்களைப் படித்திருக்க வேண்டும், பிடிக்காததற்கும் காரணம் சொல்ல வேண்டும். மாதப் பக்கம் எழுதுபவருக்கு இவை எதுவும் கிடையாது. எந்த இடத்தில் தன் மனம் நின்றது என்று மட்டும் அவர் சொன்னால் போதும். எல்லோரும் அங்கே நிற்க வேண்டும் என்று வாதாட வேண்டியதில்லை.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா பல ஆண்டுகள் எழுதினார். படித்தது, பார்த்தது, கேள்விப்பட்டது, எரிச்சல் மூட்டியது எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வரும். இதழைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து புரட்டியவர்கள் நிறையப் பேர். என் பக்கத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

பிடித்த புத்தகம் தானாகவே நினைவில் நிற்காதா? எழுதித்தான் வைக்க வேண்டுமா?

நிற்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இந்தப் பழக்கம் தொடங்கியதற்குக் காரணமே ஒரு துப்பறியும் நாவல். ஆவலாகப் படித்துக்கொண்டு போகிறேன். எண்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. முன்பே முழுதாகப் படித்திருக்கிறேன், கோடு போட்டிருக்கிறேன், துப்புத் துலக்கியிருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை. வேறு வழியில்லாமல் கடைசிவரை மறுபடி படித்தேன். கொலைகாரன் இவன் இல்லை.

இது என் மூளையின் தனிக் குறைபாடு இல்லை என்பது ஓர் ஆறுதல். ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி சீரான வேகத்தில் நடப்பதில்லை என்று அவர் கண்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சியது மெதுவாகக் கரைகிறது. நாவல் பொருளற்ற அசை இல்லைதான், கதைக்குப் பிடிமானம் அதிகம். ஆனாலும் அடுத்த கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் போதாதா?

போதாது. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. முப்பதாம் தேதி இரவு உட்கார்ந்து, இந்த மாதம் என்ன பார்த்தோம் என்று யோசித்தால் தலைப்புகள் வரும். கூடவே யாருடைய வாயிலிருந்தோ வாங்கிய பெயரடைகள் வரும்: விறுவிறுப்பான, நெகிழ்ச்சியான, அபாரமான. அந்தச் சொற்களை எந்தப் படத்தின் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்வது இது. படித்துமுடித்த அன்று, அல்லது பார்த்து அணைத்த உடனே, மூன்று வரி எழுதுகிறேன். முழு வாக்கியமாக இருக்க வேண்டாம். கருத்து கூடாது; கண்ணில், காதில் பட்டது மட்டும். ஓர் எடுத்துக்காட்டைக் குறிப்பேட்டில் இருந்தபடியே தருகிறேன்:

‘செவ்வாய் இரவு. தொடர், பகுதி 4. இழுப்பறைக்குள் போன் ஒலி. அம்மா திறக்கவில்லை. நான் டிவி ஒலியைக் குறைத்தேன், எதற்கு?’

அந்த மாதக் கடைசியில் இதிலிருந்து வந்த பத்தி:

‘விசாரணை அதிகாரி, இறந்துபோன பையனின் எண்ணை அழைத்துப் பார்க்கிறார். அவன் வீட்டு மேசை இழுப்பறைக்குள் கைப்பேசி ஒலிக்கிறது. அதே அறையில் அம்மா நிற்கிறாள். இழுப்பறையைத் திறக்கவில்லை, அழவும் இல்லை. ஒலி நிற்கும்வரை நிற்கிறாள். நின்றதும் மேசைமேல் இருந்த துணியை ஒழுங்காக மடித்து வைக்கிறாள். அந்த ஒலி கேட்டபோது என் கை தானாகவே ரிமோட்டில் ஒலியைக் குறைத்தது. அவளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்போல.’

குறிப்பு இல்லாதிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ‘மெதுவாக நகர்ந்தாலும் அழுத்தமான தொடர், அம்மாவாக நடித்தவரின் நடிப்பு அருமை’ என்று எழுதியிருப்பேன். பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் நண்பருக்கும் ஐந்து ஆண்டு கழித்துப் படிக்கும் எனக்கும் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

குறிப்பு எழுதவேண்டும் என்ற நினைப்பே ரசனையைக் கெடுத்துவிடாதா?

படத்தின் நடுவில் பேனாவை எடுத்தால் கெடுக்கும். முடிந்த பிறகு எடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ‘இதை எழுதலாமே’ என்ற குரல் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பிறகு அடங்கிவிடும்.

பிடித்தவற்றை மட்டும்தான் எழுத வேண்டுமா? பிடிக்காததை என்ன செய்வது?

எனக்கு இதில் மனம் மாறியிருக்கிறது. முதல் சில ஆண்டுகள் எல்லாவற்றையும் எழுதினேன். திட்டி எழுதுவது எளிது, கைவந்துவிட்டால் இனிக்கவும் செய்யும். பிறகு ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, திட்டிய பத்திகளில் எல்லாம் படத்தைவிட நான்தான் அதிகம் தெரிந்தேன். என் கிண்டல், என் உவமை, என் புத்திசாலித்தனம். படம் எங்கோ மூலையில் கிடந்தது.

ஆங்கில நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 2003இல் ‘தி பிலீவர்’ இதழில், படித்தவற்றைப் பற்றி ஒரு பத்தித் தொடர் ஆரம்பித்தார். புத்தகங்களைத் தாக்கி எழுதுவதில்லை என்பது அந்த இதழின் கொள்கை. அந்தக் கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவர் எழுதியதுதான் பாதி வேடிக்கை. ஒவ்வொரு பத்தியின் தலையிலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: இந்த மாதம் வாங்கிய புத்தகங்கள், இந்த மாதம் படித்த புத்தகங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து யார்தான் சிரிக்க மாட்டார்கள்! நானும் சில மாதம் அந்த இரட்டைப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். வாங்கிய பட்டியல் என்னை அவமானப்படுத்தியதால் நிறுத்திவிட்டேன்.

இப்போது என் வழக்கம்: ரசித்தவற்றை எழுதுகிறேன். பிடிக்காத ஒன்றில் ரசித்த ஒரு துளி இருந்தால் அதையும் எழுதுகிறேன். இதில் எனக்கு ஆசான் சாமுவேல் பீப்ஸ். 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய கடற்படை அலுவலர், நாடகப் பைத்தியம். 1662 செப்டம்பர் 29 அன்று ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாழ்நாளில் இப்படிச் சப்பென்ற, நகைப்புக்கு இடமான நாடகத்தைப் பார்த்ததில்லை என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. சில நல்ல நடனங்களையும் சில அழகான பெண்களையும் பார்த்ததாகவும், தனக்குக் கிடைத்த இன்பம் அவ்வளவுதான் என்றும் ஒப்புக்கொண்டார். ஷேக்ஸ்பியரைப் பற்றிய அவருடைய தீர்ப்பை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த மாலைப்பொழுது அப்படியே இருக்கிறது. தான் எதை ரசித்தோம் என்பதில் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

நட்சத்திரம், மதிப்பெண் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். படங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தை 1928இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தைரர் என்ற விமர்சகர் தொடங்கிவைத்தார் என்பார்கள். நாளிதழுக்கு அது பொருத்தம். வாசகர் அன்று மாலை எந்தக் கொட்டகைக்குப் போவது என்று அவசரமாக முடிவு செய்ய வேண்டும். மாதம் முடிந்தபின் எழுதும் உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

முதல் ஆண்டு நானும் பத்துக்கு இத்தனை என்று போட்டேன். பிறகு பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரு படத்துக்கு ஏழு, ஒரு நாவலுக்கு ஏழு. படம் ஓடும்போது நான் பாதியில் தூங்கியதும், நாவலை முடித்த இரவு தூக்கமே வராததும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டும் ஏழு! எந்தக் கணக்கில் போட்டேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

கதையை எவ்வளவு சொல்லலாம்?

முதல் கால்பகுதிவரை தாராளமாக. அதற்கு மேல் காட்சியைச் சொல்லுங்கள், கதை நகர்வைச் சொல்லாதீர்கள்.

முடிவு தெரிந்தால் ரசனை கெடுமா என்பதில் ஆய்வாளர்களே ஒருமுகமாக இல்லை. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியேகோ வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்ததாகச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த வேறோர் ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. ஆய்வு எப்படியோ போகட்டும்; கொலைகாரன் யார் என்று சொன்னதற்காக ஒரு நண்பர் என்னிடம் ஆறு வாரம் பேசவில்லை. எனக்கு அந்த ஆய்வு போதும்.

தொடர்கள்தான் தொல்லை. மூன்று மாதம் இழுக்கின்றன, இல்லையென்றால் இரண்டே இரவில் முடிந்துவிடுகின்றன. எப்படி எழுதுவது?

இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதலில் இரண்டு இரவில் முடிப்பது. 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு புதிய தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டதிலிருந்து இந்தப் பசி நமக்கெல்லாம் பழகிப்போயிற்று. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தொடரைச் சிலர் ஒரே மூச்சில் பார்த்தார்கள், சிலர் நாளுக்கு ஒன்றாக, சிலர் வாரத்துக்கு ஒன்றாக. மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் எல்லாம் நன்றாக நினைவிருந்தது. 140 நாள் கழித்துக் கேட்டபோது அவர்கள்தான் அதிகம் இழந்திருந்தார்கள். ரசித்ததும் குறைவு என்று அவர்களே சொன்னார்கள். என் குறிப்பேடும் அதையேதான் சொல்கிறது. ஒரே இரவில் ஐந்து பகுதி பார்த்த நாட்களில் என் மூன்று வரிக் குறிப்பு ஒரு வரியாகச் சுருங்கி, அதுவும் ‘நல்லா இருக்கு’ என்று பேச்சுத் தமிழில் வழிந்துகொண்டிருக்கும். அதனால் எனக்கு நானே விதித்துக்கொண்டது: அடுத்த பகுதி தானாக ஓடும் அமைப்பை நிறுத்திவைத்திருக்கிறேன். ஒரு பகுதி, மூன்று வரி, பிறகு வேண்டுமானால் அடுத்தது. அந்த மூன்று வரியை எழுதும் சோம்பலில் பல இரவுகள் நேரத்தோடு தூங்கியிருக்கிறேன்.

மாதக்கணக்கில் இழுப்பவற்றை முடிந்த மாதத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதியெல்லாம் கிடையாது. ஜூன் மாதத்தில் நான்காம் பகுதி பிடித்திருந்தால் ஜூன் பக்கத்தில் எழுதுங்கள். ஆகஸ்டில் தொடர் கெட்டுப்போனால் ஆகஸ்ட் பக்கத்தில் அதைச் சொல்லுங்கள். ஜூன் மாத மகிழ்ச்சி அதனால் பொய்யாகிவிடாது.

கெட்டுப்போவதைச் சொல்ல நல்ல சொற்கள் வேண்டுமென்றால் பவணந்தியாரிடம் போங்கள். நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட இலக்கணம். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தால் மனிதர் நேற்று இரவு நம்மோடு உட்கார்ந்து எட்டுப் பகுதித் தொடர் ஒன்றைப் பார்த்தவர்போல இருக்கிறது. கூறியது கூறல்: ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதே இறந்தகாலக் காட்சி. மற்றொன்று விரித்தல்: துப்பறிபவரின் விவாகரத்து வழக்கு மூன்று பகுதிகளைத் தின்றுவிடுவது. வெற்றெனத் தொடுத்தல்: மழையில் கார் ஓட்டிக்கொண்டே இருப்பது. எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. கம்பீரமாகப் புறப்பட்டு, போகப்போகத் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போவது. இரண்டாம் பருவம் என்று ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். என் பக்கங்களில் ‘செ.தே.இ.’ என்று மூன்றெழுத்துச் சுருக்கம் அடிக்கடி வரும். நண்பர்களும் இப்போது அதையே பயன்படுத்துகிறார்கள்.

அதே நன்னூலில் பத்து அழகுகளும் உண்டு. பாராட்டுச் சொல் கிடைக்காமல் ‘அருமை’ என்று எழுதப்போகும் நேரத்தில் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். சுருங்கச் சொன்னதா, விளங்க வைத்ததா, ஆழமுடையதா, முறையாக வைத்ததா? எது என்று தேடும்போதே உங்கள் வாக்கியம் கூர்மையாகிவிடும்.

பாதியில் விட்டவை?

விட்ட பக்க எண்ணை மட்டும் எழுதுங்கள். ‘112ஆம் பக்கம், கடிதம் வந்த இடம்.’ காரணம் வேண்டாம். சில ஆண்டு கழித்து மறுபடி எடுக்கும்போது அந்த எண் உதவும். 112இல் விட்ட ஒரு நாவலை ஆறு ஆண்டு கழித்து எடுத்து, அந்தக் கடிதத்தைத் தாண்டியதும் மூன்றே நாளில் முடித்தேன்.

முன்பே படித்ததை மறுபடி படித்தால் கணக்கில் வருமா?

தாராளமாக. எனக்கு மறுவாசிப்பின் பத்திகள்தான் நீளமாக வருகின்றன. பழக்கமான நட்பைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர் 783ஆம் குறளில், படிக்கப் படிக்க நூலின் நயம் கூடுவதை உவமையாக எடுக்கிறார். உவமைக்கு எடுத்தார் என்றால் அது கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்றுதானே பொருள்? நன்னூலும், பாடத்தை இருமுறை கேட்டவனுக்குப் பிழை அதிகம் இராது, மூன்றுமுறை கேட்டவன் முறையறிந்து எடுத்துச் சொல்வான் என்கிறது.

ஒரு சிறு வேலை மட்டும் செய்யுங்கள். மறுபடி படிக்குமுன் பழைய குறிப்பைப் பார்க்காதீர்கள். முடித்து, புதிய மூன்று வரியை எழுதிவிட்டு, பிறகு பழையதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பள்ளியில் படித்து ரசித்த ஒரு நாவலில் அப்போது எனக்குக் கதாநாயகனின் கோபம்தான் பிடித்திருந்தது. இப்போது அவனுடைய அப்பா ஒரு வரி பேசுகிறாரே, வாசலில் நின்று ‘விளக்கை அணைக்காதே’ என்று, அந்த வரியில் நின்றுவிட்டேன். முதல் வாசிப்பில் அப்படியொரு வரி இருந்ததே தெரியாது.

ஒலிநூல் கேட்டால் படித்ததாகுமா?

ஆகும். தமிழில் நூல்கள் பல நூற்றாண்டு காதால்தான் கற்கப்பட்டன. கேள்வி என்று அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். யார் குரலில் கேட்டீர்கள் என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். குரல் மாறினால் நூலே மாறிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு நூலுக்கு என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர் பெயரை. நாம் ரசித்த ஒவ்வொரு வாக்கியமும் அவர் கையால் எழுதப்பட்டது. சப்டைட்டிலோடு பார்த்த படம் என்றால் எந்த மொழிச் சப்டைட்டில் என்று குறியுங்கள். ஒரே வசனம் இரண்டு மொழிச் சப்டைட்டில்களில் இரண்டு விதமாக வந்து, பாத்திரத்தின் குணமே எனக்கு மாறித் தெரிந்திருக்கிறது.

ஒரு மாதத்துக்கு எத்தனை இருந்தால் மரியாதை?

யார் முன்னால் மரியாதை?

எண்ணிக்கை ஒரு போதை, ஒப்புக்கொள்கிறேன். பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 முதல் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டியலிட்டு வருகிறார். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் ஓராண்டில் பார்த்ததையும் படித்ததையும் தேதிவாரியாக, கருத்து ஏதும் சொல்லாமல், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிடுவார். அந்தப் பட்டியல்களைப் படிக்க எனக்குப் பிடிக்கும். ஒரே படத்தை ஒருவர் அடுத்தடுத்து மூன்றுமுறை பார்த்திருந்தால் ஏன் என்று ஊகிக்கலாம். ஆனால் அவர்கள் ஒரு மாதத்தை ஒரு பக்கத்தில் அடக்க முயலவில்லை, நாம் முயல்கிறோம். என் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து வரும். ஒருமுறை பதினேழு வந்தது. அந்தப் பக்கத்தை இப்போது படித்தால் ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கிறது.

ஒன்றுமே படிக்காத, பார்க்காத மாதம் வந்தால்?

மாதத்தின் பெயரை எழுதி, கீழே ஒரு வரி: ஏன் என்று. உடல்நலம், வேலை, வீடு மாறியது, மனம் ஒட்டவில்லை, எதுவானாலும். என் குறிப்பேட்டில் அப்படி ஐந்து பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘மருத்துவமனை. மூன்று வாரம். படுக்கைக்கு எதிரே இருந்த காலண்டரை மட்டும் படித்தேன்’ என்று இருக்கிறது. அதற்கடுத்த மாதம் நான் படித்த முதல் புத்தகம் ஒரு சிறுவர் நாவல். பெரிய புத்தகத்தைத் தூக்கக் கையில் வலு இல்லை. காலியான பக்கம் இல்லாவிட்டால் அந்தச் சிறுவர் நாவலை ஏன் அவ்வளவு கொண்டாடியிருக்கிறேன் என்று எனக்கே புரிந்திருக்காது.

செயலியில் எழுதலாமா, நோட்டில்தான் எழுத வேண்டுமா?

எதில் எழுத உங்களுக்குச் சோம்பல் குறைவோ அதில். புத்தகத்துக்கு 2007இல் வந்த குட்ரீட்ஸ், படத்துக்கு 2011இல் வந்த லெட்டர்பாக்ஸ்ட் என்று இருக்கின்றன. தேதியும் தலைப்பும் தொலையாமல் இருக்க இவை நல்லவை. ஆனால் திறந்தவுடன் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று காட்டிவிடும். நம் மூன்று வரியை எழுதுமுன் அதைப் பார்த்துவிட்டால் அந்த மூன்று வரி நம்முடையதாக இராது. எழுதிவிட்டுத் திறவுங்கள்.

நோட்டில் எழுதுபவர்களுக்குத் தேடுவதுதான் சிரமம். இதற்கு ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் ஒரு வழி சொன்னார். ஆங்கிலத்தில் அது 1706இல் வெளிவந்தது. தலைச்சொல்லின் முதல் எழுத்து, அதை அடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம்; அந்தக் கட்டத்தில் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மெய்யும் உயிரும் சேர்ந்த கட்டம் என்றால் நம் உயிர்மெய் எழுத்துதானே? அவர் அட்டவணை போட்டுச் செய்ததை நமக்கு அரிச்சுவடியே செய்து வைத்திருக்கிறது. நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை விட்டுவிட்டு, க, கா, கி, கு என்று எழுதி, தலைப்பு எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதற்கு எதிரே பக்க எண்ணைப் போடுங்கள். பதினோரு ஆண்டுக் குறிப்பில் எதையும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன்.

தெரிந்தவர் எழுதிய புத்தகம், தெரிந்தவர் எடுத்த படம் பிடிக்கவில்லை. என்ன எழுதுவது?

அந்த மாதம் வேறு நல்ல புத்தகங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா?

ஆண்டு முடிவில் ‘சிறந்த பத்து’ போடலாமா?

போடலாம், சண்டைக்குத் தயாராக இருந்தால். விமர்சகர் க.நா.சு. பட்டியல் போட்டே தமிழ் இலக்கியத்தில் கலகம் மூட்டியவர். யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்று வாதம் நடந்துகொண்டே இருந்தது. அவருடைய பட்டியல் வழியாகத்தான் பல நல்ல நாவல்களுக்குப் புதிய வாசகர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை.

நான் ஆண்டுக் கடைசியில் செய்வது வேறு. பன்னிரண்டு பக்கங்களையும் ஒரே உட்காரலில் படித்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு வாரம் கழித்து, எதையும் புரட்டாமல், மனதில் இன்னும் இருக்கும் காட்சிகளை மட்டும் எழுதுவேன். கடந்த ஆண்டு ஏழு வந்தன. அவற்றில் இரண்டு, அந்தந்த மாதத்தில் நான் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதிய படங்களிலிருந்து வந்தவை. பக்கம் பக்கமாகப் புகழ்ந்த ஒரு நாவல் வரவே இல்லை.

பக்கத்தைப் படித்தவர்கள் உடனே புத்தகத்தை இரவல் கேட்கிறார்களே?

கேட்பார்கள். அது பக்கம் நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஓரத்தில் ஒரு பத்தி இழுத்து ‘யாரிடம், எந்தத் தேதி’ என்று குறித்துவையுங்கள். என் நோட்டில் இன்றைய நிலவரப்படி மூன்று புத்தகங்கள் வெளியே இருக்கின்றன. அவற்றில் ஒன்று போய் நான்கு ஆண்டு ஆகிறது. அதை வாங்கிப்போனவர் இந்தப் பக்கத்தையும் படிப்பார் என்பதால் சொல்கிறேன்: பின்னட்டையின் உள்பக்கத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அழித்தாலும் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.